ஓ.டி. ஆறு

முதலில் கண்ணாடி வாங்கினேன்.
லேசர் அப்போது சீனத்தில்
கப்பலைக்கூடப் பார்த்திருக்கவில்லை.
"குதிரைக்கு முன்னால் லாடமா?" என்றான் ரூபேந்திரன்,
வெல்டிங் கடையிலிருந்து கறுத்த கையோடு வந்து.
ஆயிரத்து நானூறு ராண்ட்.
டையோடின் விலையில் முக்கால்.
ரசீதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்,
ஒளித்தால்தான் சண்டை வரும்.

சாட்ஸ்வொர்த்தில், மலைச்சரிவில், கார் இல்லாத எங்கள் கராஜ்.
உறுப்புகள் ஒவ்வொன்றாய் வந்தன.
பள்ளிக்கூடம் தூக்கியெறிந்த ஜெராக்ஸ் மெஷினின்
எஃகுத் தண்டுகள் இரண்டு, மை வாடை போகாமல்.
பிரிண்டர்களைப் பிரித்ததில் மோட்டார் மூன்று,
அதில் ஒன்று திக்கும்.
பெல்ட் மட்டும் புதிது.
பல் தேய்ந்த பெல்ட்
பெயரில் இருக்கும் சுழியைச் சப்பையாக்கிவிடும்.
பங்களாதேஷ் மார்க்கெட்டில்
சப்பைச் சுழிக்கு யார் காசு தருவார்?

லேசர் வந்தபோது
கூடவே இலவசமாய் ஒரு பச்சைக் கண்ணாடி.
நீல விளக்கொன்றை ஏற்றி அதன் வழியே பார்த்தேன்.
நீலம் நீலமாகவே சிரித்தது.
எவனோ வேறொரு நிறத்துக்கு வைத்த காவல்;
என் ஒளியோ நானூற்று ஐம்பது நானோமீட்டர்.
அடுத்த தெரு நாயை அவிழ்த்துவந்து
என் வாசலில் கட்டச் சொல்கிறார்கள்.

ரூபேந்திரன் தன் வெல்டிங் முகமூடியை நீட்டினான்.
அன்போடுதான்.
அந்த இருட்டில் என் விரலே எனக்குத் தெரியாது;
எந்த நிறத்தை எவ்வளவு தடுக்கும் என்று
அதன் எந்த ஓரத்திலும் எழுதியில்லை.
என் ஆரஞ்சுக் கண்ணாடியில் எழுதியிருக்கிறது,
அரை அரிசி அளவு எழுத்தில்:
ஓ.டி. ஆறு.
பத்து லட்சம் பேர் வந்து கதவைத் தட்டினால்
ஒருவனை உள்ளே விடும்.
அந்த ஒருவனையும் நேருக்கு நேர் பார்க்காதே
என்கிறது கூட வந்த தாள்.

"சுட்டால் மூடிக்கொள்ள மாட்டோமா?"

சுடாது, ரூபென்.
விழித்திரைக்கு வலி தெரியாது.
இமை இறங்குவதற்குள் முடிந்திருக்கும்.
ஓட்டை விழுந்த இடத்தில்
பக்கத்து நிறத்தை வாங்கி மூளை பூசிவிடும்.
ஒருநாள் மகளின் பெயரை வாசிப்பாய்,
நடுவில் ஓர் எழுத்து இருக்காது,
இல்லாததும் தெரியாது.

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தான்.
காலையில் உப்பு டப்பாவின் அடியில் பணம்,
இன்னும் இரண்டு கண்ணாடிக்கு.
ஒன்று அவனுக்கு.
ஒன்று யார் வந்தாலும்.

"பூனைக்கு?" என்றாள் தெரோஷ்ணி.

ஒன்பது வயது. ஒரே சொல்.
மூன்று வாரமாய்ப் போட்ட வரைபடம் கிழிந்தது.
எத்தனை முகத்துக்குத்தான் மாட்டுவது?
ஒளிக்கே மாட்டிவிட வேண்டியதுதான்.

பலகையில் ஒரு பெட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு.
செத்துப்போன மைக்ரோவேவின் கதவிலிருந்து
குட்டி சுவிட்ச் ஒன்றைக் கழற்றினேன்
(மற்றதைத் தொடவில்லை,
அதற்குள் மின்சாரம் இன்னும் தூங்கும்).
மூடி திறந்தால் லேசர் சாகும்.
மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது
தானாக எழுந்துகொள்ளாதிருக்க ஒரு ரிலே.
புகைக்கு ஜன்னலில் விசிறி.
சுவரில் சுண்ணக்கட்டியால்:
பி.வி.சி. கூடவே கூடாது. குளோரின்.

முதல் ஆர்டர் பக்கத்து வீட்டு தோகோசிலே.
சொந்தக் காய்வெட்டும் பலகையோடு வந்தாள்,
தன் பெயர் வேண்டுமாம், பெரிதாக.
மூன்றாவது கண்ணாடி அவள் மூக்கில் ஏறியது.
பூனையை வெளியே விட்டுக் கதவடைத்தாள் தெரோஷ்ணி.

அழுத்தினேன்.
கராஜ் முழுக்க ஆரஞ்சு.
மோட்டார் முனகிற்று, நான்காம் எழுத்தில் திக்கிற்று,
அங்கே கோடு மயிரிழை வளைந்தது.
ஜன்னல் பக்கம் ஒரு புகை நூல்.
நீலம் எங்கேயும் இல்லை.

"வேலை செய்கிறதா?
எனக்கு ஒன்றும் தெரியவில்லையே," என்றாள் தோகோசிலே.

நான் வாய் திறக்கும் முன்
ரூபேந்திரன் சொன்னான்:
"அதற்குத்தான்
ஆயிரத்து நானூறு."